ஆறரை மணிக் குளியல்

ஐம்பத்தொன்றாம் வயதில் கம்பனி எனக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. பென்சன் ஐம்பத்தைந்தில்தான் தொடங்கும். இடையில் நான்கு வருடம். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வாடகை வீடு, நானும் மனைவியும். சேமிப்பு முதல் வருடத்தையே தாண்டாது என்று தெரிந்தது. தெரிந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மரத்துப்போன காலில் எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவிதான் எழும்பினாள். முன்னறை இரண்டையும் ஒழித்து மூன்று பேரைச் சாப்பாட்டோடு போடிங் வைத்தாள். மூவரும் யாழ்ப்பாணத்துப் பொடியன்கள், கோட்டை ஒப்பீசுகளில் கிளாக்கர்மார். உலக யுத்த காலம், அரிசி பங்கீட்டுக் கூப்பனுக்குத்தான். வாடகையோடு கூப்பன் புத்தகங்களையும் அவளிடம் கொடுத்தார்கள். ஐந்து புத்தகத்து அரிசி ஒரே உலையில் கொதித்தது.

இருபத்தாறு வருடம் ஆறரைக்குக் குளித்து ஏழேகால் ரெயிலுக்குப் போன உடம்பு என்னுடையது. வேலை போனதை அதற்கு யாரும் சொல்லவில்லை. ஆறரைக்குத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு தானாகவே வீட்டின் ஒரே குளியலறைக்குள் போய்விடும். தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இரையும், உள்ளே குழாய் இரையும், நான் எதையும் நினையாமல் நிற்பேன். வாளி வழிந்து பாதம் குளிர்ந்த பிறகுதான் கை அசையும்.

ஒரு நாள் மூவரும் ரெயிலைத் தவறவிட்டார்கள். அந்த மாதத்தில் அது இரண்டாம் முறை. பின்னேரம் அவர்களில் மூத்தவன் குசினி வாசலில் நின்று மனைவியோடு கதைத்தான். விறாந்தையில் நான் இருப்பது அவனுக்குத் தெரியும்.

“மாமி, குறை நினையாதேங்கோ. பம்பலப்பிட்டியிலை ஒரு வீடு பார்த்திருக்கிறம்.”

“ஏன் தம்பி, சாப்பாடு சரியில்லையோ?”

“சாப்பாட்டுக்கு என்ன மாமி? ஐயா குளிக்கப் போனால்தான் கரைச்சல். அவர் ஒப்பீசுக்குப் போறார், நாங்கள் பென்சன் எடுத்தனாங்கள் எண்ட மாதிரிக் கிடக்கு.”

அறைக்குள் மற்ற இருவரும் சிரித்தார்கள். நல்ல பகிடிதான். எனக்குச் சிரிப்பு மட்டும் வரவில்லை. அவர்கள் போனால் அரிசி போகும், பிறகு வீடு போகும்.

மனைவி வந்தாள். கையெல்லாம் தேங்காய்ப்பூ.

“இஞ்சாருங்கோ, நாளையிலை இருந்து அவங்கள் போனாப்பிறகு குளியுங்கோ.”

“ஓம்.”

“கோவமோ?”

“இல்லை.”

“கோவப்பட்டாலும் பரவாயில்லை. இப்பிடிக் கதையாமல் இருக்கிறதுதான் எனக்குப் பயம்.”

அடுத்த நாள் ஆறரைக்கு உடம்பு எழும்பித் துவாயை எடுத்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. மூத்தவன் உள்ளே, மற்ற இருவரும் வெளியே. அவர்களுக்குப் பின்னால் போய் நின்றேன். முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்துத் தடுமாறினான்.

“ஐயா, நீங்கள் முதல் போங்கோவன்.”

“நீர் போம் தம்பி. எனக்கு அவசரமில்லை.”

சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன். பொய்யில்லை.

மூவரும் ஏழேகால் ரெயிலைப் பிடித்தார்கள். கூப்பன் புத்தகங்களை யாரும் திருப்பிக் கேட்கவில்லை; அவை மனைவியின் அலுமாரியிலேயே இருந்தன. நான் உள்ளே போனபோது குழாயில் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. வாளி நிறைய வெகுநேரம் எடுத்தது. நின்றுகொண்டிருந்தேன்.