இரண்டாவது சனிக்கிழமை மீன்கள்

வாளித் தண்ணீருக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோய் முகர்கிறார் காளிராஜ். முகம் சுளிக்கிறது. வாளியை மறுபடி வெயிலில் தள்ளி வைக்கிறார். "இன்னும் குளோரின் வாடை போகல சார். நாளைக்கித்தேன் ஊத்தணும்."

அந்த வாடையை ஊருக்கே கலந்து கொடுப்பவர் அவர்தான். பள்ளத்தூர் பக்கம் எங்கள் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். காலையில் மோட்டார் போட்டு, மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவது இருபது வருட வேலை. வயது நாற்பத்தாறு. விரல் நுனிகள் பவுடரில் வெளுத்துத் தோல் உரிந்திருக்கும். எங்கள் தெருக்கோடி ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார்.

மனைவி ரோகிணி மகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. ஏன் என்று தெருவுக்கே தெரியும். அவரும் மறைத்ததில்லை. "கை நீட்டுனது ரெண்டே தடவதேன்" என்பார், ஏதோ தள்ளுபடி கேட்பதுபோல. விவாகரத்து ஆனது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை மகள் அப்பாவிடம் இருக்கலாம் என்றது கோர்ட்.

அக்ஷராவுக்கு அப்போது எட்டு வயது. மாமாவோடு பஸ்ஸில் வருவாள். செருப்பைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மணி பார்ப்பாள். ஒரு சனிக்கிழமை காரைக்குடிக்குச் சாப்பிடக் கூட்டிப்போனபோது, அழகுசுந்தரத்தின் வளர்ப்பு மீன் கடை முன்னால் அவள் கால் நின்றுவிட்டது. விசிறிபோல வால் விரித்த கப்பி மீன்கள். "அப்பா, இது அழகா இருக்கு" என்றாள். பிரிந்து போன பிறகு அவள் 'அப்பா' என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மறுநாளே இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வாங்கினார். குழாயில் பிடித்த தண்ணீரை நிரப்பி எட்டு மீன்களை விட்டார். மறுநாள் காலையில் எட்டும் மிதந்தன.

"என்ன தண்ணி ஊத்துனீக?" என்று கேட்டார் அழகுசுந்தரம்.

"எங்க டேங்க் தண்ணிதேன். நானே பவுடர் போட்டது."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தானும் சேர்ந்து சிரித்ததாகக் காளிராஜ் என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை.

இரண்டாம் முறை, தண்ணீரை இரண்டு நாள் வெயிலில் வைத்து ஊற்றினார். ஆணுக்குத்தான் நிறம் என்பதால் ஆண் மீன் ஆறு, பெண் இரண்டு என்று வாங்கினார். பத்தே நாளில் பெண் இரண்டும் செத்தன. இந்தத் தடவை தண்ணீரில் குற்றமில்லை. ஒரு ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரட்டி விரட்டியே கொன்றுவிடும் என்றாராம் கடைக்காரர்.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். "ஒளியிறதுக்கு ஒரு எடம் வச்சுக் குடுத்திருக்கணும் சார். மூலையில போயி மூஞ்சிய வச்சுக்கிட்டே நின்னுச்சு. வெளையாடுதுன்னு நெனச்சு நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

'ரெண்டே தடவ' என்பதை அதன்பின் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

மூன்றாம் முறை அவசரப்படவில்லை. மீனே இல்லாத தொட்டியில் ஒரு மாதத்துக்கும் மேல் பில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டார். அது மக்கி, தண்ணீரைக் காக்கும் நல்ல கிருமி உண்டாக வேண்டுமாம். பாசிக் கொத்து வைத்தார். ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்தார். பிறகுதான் ஆண் இரண்டு, பெண் ஆறு. தை மாதத்தில் ஒன்று குட்டி போட்டது. கண் மட்டுமே தெரிகிற, ஊசி முனை போன்ற பதினேழு உயிர்கள்.

அந்தச் சனிக்கிழமை அக்ஷரா செருப்பைக் கழற்றினாள். முட்டிபோட்டு உட்கார்ந்து, சாப்பாட்டையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது ஐந்து குட்டிகளைப் பாலித்தீன் பையில் போட்டுக் காற்றடைத்துக் கொடுத்தார். அவள் பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினாள்.

அடுத்த மாதம் அவள் வாசலில் கால் வைத்ததும் கேட்டார்: "குட்டியெல்லாம் பெருசாயிருச்சாம்மா?"

"அம்மா பாத்ரூம்ல ஊத்திட்டாங்க. இந்த வீட்டுலருந்து எதுவும் அங்க வரக்கூடாதாம்."

அவர் ரோகிணியைத் திட்டவில்லை. "அவளுக்குக் கோவம் இருக்கத்தான செய்யும்" என்றார் என்னிடம். கொஞ்சம் பொறுத்து, "மீனு என்ன சார் பண்ணுச்சு?" என்றார்.

ஜூன் மாதத்திலிருந்து மகளுக்குச் சனிக்கிழமை டியூஷன். இரண்டு பக்க வக்கீல்களும் பேசி, நேரில் வருவதற்குப் பதில் அரை மணி நேர வீடியோ கால் என்று முடிவானது. "பிள்ளையே வரலேன்னு சொல்லிருச்சாம் சார்" என்று காளிராஜ் சொன்னபோது, நாளைக்குத் தண்ணீர் வராது என்று தெருவுக்கு அறிவிக்கிற குரலில்தான் சொன்னார்.

போன சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன். "இங்குட்டுப் பாரு ஆத்தா, நீல வாலு!" என்று போனைத் தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார். முதலில் "ம்" வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. திரையை எட்டிப் பார்த்தேன். அங்கே அவள் போனை மல்லாக்க வைத்துவிட்டு எழுந்து போயிருந்தாள். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

காளிராஜும் அதைப் பார்த்தார். போனைக் கீழே இறக்கவில்லை. கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், ஒரு மீனும் விட்டுப்போகாதபடி, மெல்ல நகர்த்திக்கொண்டே போனார்.