மூக்கு நுனியில் ஒரு தட்டு

பிள்ளைகளே, என் மகள் பிறந்து இரண்டு மாதம் இருக்கும். குக்கர் விசில் அடித்தால் போதும், அவள் உடம்பு கட்டை மாதிரி விறைத்துவிடும். சில நேரம் மூச்சும் நின்று உதடு நீலமாகும். காரைக்குடியில் வலிப்பு என்று மருந்து கொடுத்தார்கள். மருந்துக்கு விறைப்பு கேட்கவில்லை. பிள்ளை நமக்குத் தங்குமா என்று நான் வாய்விட்டுக் கேட்டதில்லை.

மதுரைக்குப் போனோம். நரம்பு டாக்டரம்மா குழந்தையின் மூக்கு நுனியை விரலால் தட்டினார். தலை வெடுக்கென்று பின்னால் போய், உடம்பு விறைத்தது. உடனே அவர் குழந்தையின் தலையையும் கால்களையும் வயிற்றுப் பக்கமாக மடக்கினார். விறைப்பு விட்டது.

“உங்க குடும்பத்துல யாராச்சும் இப்படிப் பதறுவாங்களா?”

என் மனைவி என்னைக் காட்டினாள். “இவுகதான் டாக்டர். பஸ் ஹாரனுக்கே காப்பியக் கொட்டிருவாக. எங்க அண்ணன் பயந்தாங்கொள்ளி மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடும்.”

டாக்டர் என் மூக்கையும் தட்டினார். என் தலை பின்சுவரில் இடித்தது.

“இது வலிப்பு இல்ல. உங்ககிட்டேருந்து வந்த திடுக்கிடுற நோய். ரொம்ப அபூர்வம். மாத்திரை இருக்கு. வளர வளர விறைப்பு குறையும். மூச்சு நின்னா நான் செஞ்ச மாதிரி மடக்குங்க.”

“இவுக மாதிரி வளந்துட்டாப் போதும் சாமி,” என்றாள் மனைவி.

மறுநாள் அடுப்படியில் பாத்திரம் உருண்டது. நான் பதறினேன், மகள் விறைத்தாள், மூச்சும் நின்றது. மடக்கிப் பிடித்தேன். வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் மனைவியும் சிரித்தோம்.