பிசிறு வெட்டும் பட்டம்மாள் பார்ட்டிக்குப் போனாள்

பட்டம்மாளுக்கு இந்த உலகத்தில் இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது. இன்னொன்று, துணியில் தொங்கும் நூல்.

தண்டையார்பேட்டை எக்ஸ்போர்ட் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் பிசிறு வெட்டியவள் அவள். தைத்து வரும் சட்டைகளை மடியில் போட்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் நறுக்கித் தள்ளுவதுதான் வேலை. அமெரிக்காக்காரன் முதுகில் ஒரு நூல் தொங்கினாலும் தன் மானமே தொங்குவதாக நினைப்பாள். 2004-ல் கம்பெனியை இழுத்து மூடினார்கள். கத்தரி மட்டும் கையோடு வந்தது. பாழும் விதி அவளை வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் நான்கு மாதம் உட்கார வைத்தது. அந்த பிளாக்கில் பிசிறு வெட்டப்படாத தலையணை உறையே மிஞ்சவில்லை.

"இன்னாம்மே, அடுத்து என் மீசையா?" என்று முகத்தைப் பொத்திக்கொண்டான் கணவன் பக்தவச்சலம்.

அப்போதுதான் கடவுள் கண் திறந்தார். வண்ணாரப்பேட்டை நைட்டி மொத்த வியாபாரி அய்யாத்துரையின் மகள் சுஜா, ஃபேஷன் படித்துவிட்டு வந்து, அப்பா கடையின் மாடியில் டிசைனர் பொட்டீக் திறந்தாள். மூடிய கம்பெனியின் சூப்பர்வைசர் அவளிடம் பட்டம்மாளைப் பற்றிச் சொல்லியிருந்தார். "திறப்பு விழா பார்ட்டிக்கு வாங்கக்கா. அன்னிக்கே வேலையைப் பத்திப் பேசிடலாம்" என்று சுஜா சொல்லி அனுப்பினாள்.

கல்யாணப் பட்டு, நாலு முழம் மல்லி சகிதம் பட்டம்மாள் போய்ச் சேர்ந்தாள். உள்ளே ஏ.சி. பிணவறையாய்க் குளிர்ந்தது. உட்கார ஒரு நாற்காலி இல்லை. விரல் நுனி அளவு ரொட்டித் துண்டில் பல்குச்சி குத்திக் கொடுத்தார்கள். குச்சிதான் பெரிதாக இருந்தது.

நட்ட நடுவில் தலையில்லாத பொம்மை ஒன்று, வெள்ளைக் கைத்தறிக் குர்தா போட்டு நின்றது. அதைப் பார்த்ததும் பட்டம்மாளின் நெஞ்சு நின்றேவிட்டது. கை ஓரத்தில் நூல்! கீழ் விளிம்பைச் சுற்றிலும் ஒரு ஜாண் நூல்!

ஐயோ பாவம், பச்சைப் பிள்ளை! எவனோ வெட்டாமல் அனுப்பி ஏமாற்றிவிட்டானே! சுஜாவோ வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தாள். அவள் மானத்தை யார் காப்பது?

பர்ஸிலிருந்து கத்தரி வெளியே வந்தது. பட்டம்மாள் தரையில் சப்பணமிட்டாள். விருந்தாளிகள் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்துச் சுற்றி நின்று கைதட்டினார்கள். பன்னிரண்டே நிமிஷத்தில் குர்தா மழமழவென்று ஆனது.

கைதட்டல் கேட்டு ஓடி வந்த சுஜா வீறிட்டாள். "அக்கா! என்ன பண்ணீங்க?"

"அழாத கண்ணு. எவனோ கய்தே பிசிறு வெட்டாத அனுப்சிகீறான். நான் வெட்டி முட்ச்சிட்டேன்."

"அது பிசிறு இல்லக்கா, டிசைன்! மூணு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு நூலா இழுத்துவிட்டதே நான்தான்!"

ரொட்டிக் குச்சிகள் வாய்க்கு அருகே அப்படியே நின்றன. வேலை கேட்க வந்த இடத்தில் முதலாளியையே கழுதை என்று திட்டியாகிவிட்டது.

அய்யாத்துரை மட்டும் குர்தாவை ஆசையாகத் தடவிப் பார்த்தார். "மக்ளே, இப்பந்தான் உடுப்பு மாதிரி இருக்கு. கீழ விக்குற நைட்டியில கூட நூலத் தொங்க விடுவமா?"

சுஜாவின் அழுகை இரண்டு மடங்கானது.

வேறொருத்தியாக இருந்தால் அந்த நிமிஷமே படியிறங்கியிருப்பாள். பட்டம்மாள் புடவைத் தலைப்பால் சுஜாவின் மூக்கைத் துடைத்தாள்.

"த்தோ பாரு. நூல வெட்றவளுக்கு எந்த நூல இழுத்தா வரும்னு தெரியாதா? ஒரு ஊசி குடு. உனுக்கு மூணு வாரம், எனுக்கு ஒரு அவரு."

குறுக்கு இழைகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக நெம்பி உருவினாள். பத்தொன்பது வருஷம் நூலைக் கொன்ற விரல்கள் இப்போது அதற்கு உயிர் கொடுத்தன. பார்ட்டியும் பாட்டும் மறந்து எல்லோரும் அந்த விரல்களையே பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் விளிம்பில் புதிய நூல் வரிசை தொங்கியது. குர்தாதான் ஒரு ஜாண் குட்டையாகிப்போனது.

சுஜா மூக்கை உறிஞ்சினாள். "திங்கக்கிழமை வந்துடுங்க. கத்தரி மட்டும் வேணாங்க்கா."

"வேல கெட்ச்சிச்சா?" என்றான் வீட்டு வாசலில் காத்திருந்த பக்தவச்சலம்.

"கெட்ச்சிச்சி. நல்ல துணியப் பிரிச்சி நாசம் பண்ற வேல."

"அதுக்குச் சம்பளம் வேற தராங்களா?"

"கம்பெனில தந்தத வுட ஜாஸ்தி," என்றாள் பட்டம்மாள். சொல்லும்போதே, எதற்கென்று தெரியாமல், அவளுக்கு அழுகை வந்தது.