சாகத் தெரியாத பட்டாளம்

ஆரின் டட்டிலை ஊர்ப்படையிலிருந்து நீக்கியதற்குச் சொன்ன காரணம், மனிதர் அளவுக்கு மீறிச் சாகிறார் என்பதுதான்.

அமெரிக்காவின் ஸ்டில்பரி ஊரில் ஏப்ரல் பிறந்தால், பிரிட்டிஷ் ராஜாவை எதிர்த்த சுதந்திரப் போரில் நடந்த பாலத்துச் சண்டையை மைதானத்தில் நடித்துக் காட்டுவார்கள். குளிர்காலம் முழுக்கச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஆரின், அன்றைக்கு மட்டும் ராஜாவின் படையோடு மோதும் விவசாயி வேஷத்தில் துப்பாக்கி தூக்குவார். முதல் வெடிக்கே விழுந்துவிடுவார். விழுந்தவர் சும்மா கிடப்பாரா? அம்மா என்பார், தண்ணீர் என்பார், எழுந்து தள்ளாடிவிட்டு இன்னும் நல்ல இடமாகப் பார்த்து மறுபடி விழுவார். போன வருஷம் படைத்தலைவர் கிப்ஸ் உரையாற்ற ஆரம்பித்த பிறகும் இவர் செத்து முடிக்கவில்லை. கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. மற்ற நாளில் ஹார்டுவேர் கடை நடத்தும் கிப்ஸுக்குச் சிரிப்பு என்றாலே ஆகாது.

"செத்தா சாகணும்யா. நீ அங்க குடித்தனமே பண்றே," என்று சொல்லி ஆளைக் கழற்றிவிட்டார்.

ஆரினுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எதிரிப் படையையே சேர்க்கிறேன் பார் என்று கிளம்பிவிட்டார். பிரிட்டிஷ் ராஜாவின் சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள். அதுவரை அந்த வேஷத்துக்கு வெளியூரிலிருந்துதான் ஆள் வரும். உள்ளூரில் எவன் போடுவான்? ஆளாளுக்கு, எங்கள் முப்பாட்டன்தான் அவர்களைச் சுட்டு விரட்டினான் என்று மார்தட்டுகிற ஊர். ஆரின் விடவில்லை. பல் டாக்டர் ஃபெல்ப்ஸ் இவர் பல்லில் கை வைத்திருந்தபோதே அவரைப் பேசிப் பிடித்தார். பீட்சா கடை அண்ணன் தம்பியைப் பிடித்தார். நூலகத்து லெனோராவின் கழுத்தில் முரசை மாட்டிவிட்டார். இன்னும் சிலர் வேடிக்கை பார்க்க வந்து மாட்டிக்கொண்டார்கள். சார்ஜண்ட் பதவியை ஆரின் தானே வைத்துக்கொண்டார்.

தையல் வேலை மனைவி வெர்னாவின் தலையில் விழுந்தது. பொத்தான் துளைகூடக் கையால்தான் போட வேண்டுமாம், அந்தக் காலத்தில் ஏது மெஷின். "ராஜாவோட தையல்காரனுக்காவது சம்பளம் உண்டு," என்று முணுமுணுத்துக்கொண்டே குளிர்காலம் முழுக்கத் தைத்தாள். முடித்த அன்று பட்டாளத்தை வரிசையில் நிறுத்தினாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. கால்சட்டை வெள்ளைக் கம்பளி. துவைச்சா சுருங்கிடும். எவனாவது சேத்துல புரண்டீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

கிப்ஸும் தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருந்தார். ஒழுங்காகத் தோற்றால்தான் அடுத்த வருஷம் இடம். கூத்தடித்தால் பழையபடி வெளியூர் ஆட்கள்தான்.

சண்டைக்கு முந்தைய இரவு மழை கொட்டித் தீர்த்தது. மைதானம் சேறும் சகதியும். இருந்தாலும் லெனோரா முரசு அடிக்க, சிவப்புக் கோட்டுகள் வந்து நின்ற அழகு இருக்கிறதே, ஊர்க்காரர்களே கை தட்டிவிட்டார்கள். எதிரே விவசாயிகள் சுட்டார்கள். புகை விலகியது. ஒருவரும் விழவில்லை.

மறுபடி சுட்டார்கள். பல் டாக்டர் காலடியில் கிடந்த குட்டையைப் பார்த்து மெல்ல நகர்ந்துகொண்டார்.

"நீ விழுடா," என்றான் பீட்சா கடை அண்ணன்.

"நீதானே மூத்தவன், நீ விழு," என்றான் தம்பி.

"யாராவது சாகுங்கய்யா," என்று ஆரின் பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"வெர்னா பாக்கறாங்க, சார்ஜண்ட்," என்றார் பல் டாக்டர்.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது. கிப்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். இத்தனை பேரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்த பட்டாளம், முதல் நாளிலேயே மூட்டை கட்டப் போகிறது. அடுத்த வெடிக்கு அவரே விழுந்தார், இருப்பதிலேயே பெரிய குட்டையில், குப்புற. இந்த முறை அம்மா இல்லை, தண்ணீர் இல்லை. தான் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள், சிரித்தால் எல்லாம் போச்சு என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தார். சார்ஜண்டே விழுந்த பிறகு மற்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டு விழுந்தார்கள்.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற வெர்னா கால்சட்டையைப் பார்த்துப் பொருமினாள். பிறகு அவள் முகம் மாறியது. மேஜையில் கால் இடித்துக்கொண்டாலே கத்தித் தெருவையே கூட்டுகிற மனிதர் அவர்.

"கத்தலியே," என்றாள்.

கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினாள். சர்ச்சுக்குப் போடும் பாவாடையோடு சேற்றில் மண்டியிட்டு அவர் முகத்தைத் திருப்பினாள். "யோவ், ஆரின். எதாவது பேசுய்யா. பேசித் தொலையேன்." குரல் உடைந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கயிற்றை நெருங்கி எட்டிப் பார்த்தது. விவசாயிகளில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

ஆரின் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "சும்மா இருடி. செத்தவன் பேசக் கூடாது," என்று கிசுகிசுத்தார்.

அவளுக்கு வந்த கோபத்தில் அந்த இடத்திலேயே நிஜமாகக் கொன்றிருப்பாள். ஆனால் கை அவர் தலையை விடவில்லை.

சண்டை முடிந்ததாக முரசு ஒலித்து, செத்தவர்கள் எல்லாம் எழுந்த பிறகு கிப்ஸ் வந்தார். "இந்த மைதானத்துல இப்படி ஒரு சாவை நான் பாத்ததில்ல. அடுத்த வருஷமும் வாங்க. வெர்னா, நீயும் வந்துடு."

வெர்னா சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வரேன். ஆனா இந்த ஆளு கத்திக்கிட்டேதான் சாகணும்."