குங்குமம் விழுந்த இடத்தில் கட்டினோம்

அறுபத்து நாலாம் வருஷம் தை மாதம் என் மகள் அமுதா எங்கள் கடைப் பரணில் சாத்தியிருந்த ஏணியிலிருந்து தலைகீழாக விழுந்தாள். அப்போது அவளுக்கு நாலு வயது. தூக்கி நிறுத்தினால் தலை நிற்கவில்லை. என் மனைவி தனம் போட்ட கூச்சலில் செஞ்சி கடைத்தெருவே திரண்டுவிட்டது.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கழுத்தெலும்பில் அடி என்றார்கள். இடுப்பிலிருந்து தாடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். குழந்தை பொம்மை மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். நான் பாத்திரக்கடை வைத்திருப்பவன். உடைந்ததை ஈயம் பூசி ஒட்டலாம், நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தலாம். பெற்ற பிள்ளையின் கழுத்தை என்ன செய்ய முடியும்? மேல்மலையனூர் அங்காளம்மன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. "தாயே, என் பிள்ளை தலை நிமிர்ந்து உன் வாசலுக்கு நடந்து வரவேண்டும். அவள் கையாலேயே உனக்குப் புடவை சாத்துகிறோம்" என்று இரண்டு பேரும் வேண்டிக்கொண்டோம்.

மாசி மாதம் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். அந்தச் சந்தோஷத்திலும் ஒரு பயம் வைத்தார் டாக்டர். எலும்பு இப்போதுதான் கூடுகிறது, வழியில் ஒரு குலுக்கல் பட்டால்கூட ஆபத்து, பஸ் கூடாது என்றார். படுக்கவைத்தால் கட்டு தொண்டையை அழுத்தி இருமல் வந்தது. அதனால் ஆஸ்பத்திரித் தச்சரிடம் சொல்லி, கால் இல்லாமல் பலகை மேல் நிற்கும்படி ஒரு சின்ன நாற்காலி செய்து கொடுத்தார்கள். குழந்தையை அதில் தோல் வாரால் மாட்டிவிடலாம். "மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வண்டி சட்டென்று நின்றால் உங்கள் கை தாங்காது. இந்த நாற்காலி ஆடாமல் இருக்கவேண்டும்" என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

எங்கள் ஊர்க் கரீம் பாய் தன்னுடைய வாடகைக் காரை எடுத்துக்கொண்டு வந்தார். நாற்காலியைப் பின் சீட்டில் கட்டும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். குடம், அண்டா, தவலை என்று எத்தனை மூட்டை கட்டி பஸ் மேல் ஏற்றியிருக்கிறேன்! என் கட்டு அவிழ்ந்ததாக ஒருவர் சொன்னதில்லை. குழந்தையை மாட்டிய நாற்காலியைக் கடைக் கயிற்றால் சுற்றி வளைத்து, இரண்டு முனையையும் இரண்டு பக்கத்துக் கதவுப் பிடியில் இழுத்து முடிந்தேன்.

"பார்சல் ஜோரா இருக்குது அண்ணே. விலாசம் எழுதி ஒட்ட வேண்டியதுதான் பாக்கி" என்றார் பாய்.

"ரெண்டு கதவையும் கட்டிட்டீங்க. நாம எப்பிடி ஏர்றது, ஜன்னல் வழியாவா?" என்றாள் தனம்.

முன் கதவு வழியாகச் சீட்டைத் தாண்டி ஏறினோம். ஆஸ்பத்திரித் தெரு முனையில் பாய் மெதுவாகத்தான் திருப்பினார். நாற்காலி அப்படியே முன்னால் நழுவி, சீட்டின் விளிம்பில் சாய்ந்தது. தனம் பாய்ந்து பிடித்துவிட்டாள். குழந்தை "நைனா! நைனா!" என்று கத்தினாள். தலையைத் திருப்ப முடியாத பிள்ளை எங்கே பார்த்துக் கத்தும்? எதிரே இருக்கிற கண்ணாடியைப் பார்த்துக் கத்தினாள்.

வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிச்சைப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. மறுபடி அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினேன். கையால் தள்ளிப் பார்த்தால் மறுபடியும் நழுவியது.

"மடியிலேயே வெச்சிக்குங்க அண்ணே. நா எறும்பு ஊர்ற மாதிரி ஓட்டிக்கினு போறேன்" என்றார் பாய்.

"டாக்டர் சொன்னது காதுல விழலையா?" என்றாள் தனம். பிறகு என்னைப் பார்த்து, "திரும்பி ஆஸ்பத்திரிக்கே போயிடலாங்க" என்று அழுதாள்.

எங்கே திரும்புவது? எங்கள் கட்டிலில் வேறொரு நோயாளியைப் படுக்கவைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. அந்த மரத்தடியிலேயே நின்றுகொண்டு கண்ணை மூடினேன். "அம்மா, இவ்வளவு தூரம் காப்பாற்றிவிட்டு இங்கேயா விடப்போகிறாய்? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி நீ வழி காட்டு" என்று வாய்விட்டுச் சொன்னேன். மடியிலிருந்த மலையனூர்க் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்துக் குழந்தையின் நெற்றியில் வைக்கப் போனேன். பிரித்த அவசரத்தில் பொட்டலம் நழுவியது. சீட்டும் முதுகும் சேருகிற இடுக்கில் விழுந்து உள்ளே போய்விட்டது.

அம்மன் குங்குமம் கீழே சிந்திவிட்டதே என்று தனம் பதறிவிட்டாள். "இரு தங்கச்சி, எடுத்துத் தரேன்" என்று சொல்லி, கயிற்றை அவிழ்த்து, குழந்தையை நாற்காலியோடு இறக்கிவிட்டு, உட்காரும் மெத்தையைத் தூக்கினார் பாய். உள்ளே, சீட்டின் அடியில், பின்பக்கமாகக் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் ஓடியது. பொட்டலம் அதன் மேல் விழுந்து உடைந்து, சட்டத்தின் நடுவில் பொட்டு வைத்த மாதிரி சிவப்பாக அப்பியிருந்தது.

நான் அந்தப் பொட்டையே பார்த்தேன். கதவைப் பார்த்தேன். மறுபடி பொட்டைப் பார்த்தேன். அப்போதுதான் புத்தியில் பட்டது. கதவுப் பிடி நாற்காலிக்கு முன்னால் இருக்கிறது. அதில் எவ்வளவு இறுக்கினாலும் கயிறு நாற்காலியை முன்னால்தான் இழுக்கும். பிடிமானம் பின்னால், தாழ்வாக, இந்தச் சட்டத்தில் அல்லவா இருக்கவேண்டும்! மூட்டையைக் கட்டத் தெரிந்த எனக்கு, எதில் கட்டுவது என்று தெரியவில்லை.

கயிற்றைச் சட்டத்தில் கோத்துப் பார்த்தோம். முன்னால் சுற்றி வர நீளம் போதவில்லை. தனம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, அன்று காலையில் பாண்டியில் வாங்கிய அரக்குப் புடவையை எடுத்தாள். அம்மனுக்குச் சாத்த வாங்கிய புடவை. மடிப்புக்கூடக் கலையவில்லை.

"வேணாம் தனம். பிரார்த்தனைப் புடவை அது" என்றேன்.

"அவதானே எடம் காட்னா? அவ புடவைய அவ புள்ளைக்குக் கட்றதுல இன்னாங்க தப்பு?" என்றாள்.

புடவையை முறுக்கிச் சட்டத்தில் மாட்டி, மெத்தையைப் போட்டு, இரண்டு முனையையும் இடுக்கு வழியாக மேலே எடுத்தோம். காலியான நாற்காலியை வைத்து, பாய் முழங்காலை ஊன்றி அழுத்தினார். முனைகளை நாற்காலியின் கைகளுக்கு அடியில் கொண்டுவந்து, முன்னால் இழுத்து முடிந்தேன். பிறகு பிடித்து உலுக்கினேன். நாற்காலி ஆடவில்லை. கார்தான் ஆடியது. "என் வண்டிய ஒடச்சிடாதீங்க அண்ணே!" என்றார் பாய். அழுதுகொண்டே தனம் சிரித்தாள். குழந்தையை நாற்காலியில் வாரால் மாட்டி, சட்டத்தில் சிந்தியதில் எடுத்துவைத்த குங்குமத்தை அவள் நெற்றியில் வைத்தேன்.

திண்டிவனம் தாண்டி, செஞ்சி மலை தெரிகிற இடத்தில், புளியமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மாடு துள்ளி ரோட்டில் குதித்தது. அதன் பின்னால் கன்று. பாய் பிரேக்கை மிதித்தார். தனம் முன் சீட்டில் போய் மோதினாள். நான் சீட்டிலிருந்து கீழே விழுந்தேன். நெற்றியில் ரத்தம். என் மடியில் குழந்தை இருந்திருந்தால்? அதை இன்றும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கண்ணைத் திறக்கவே பயந்தேன். மேலேயிருந்து அமுதாவின் குரல் கேட்டது.

"நைனா, கண்ணுக்குட்டி பார்த்தியா? நீ ஏன் கீழ குந்திக்கினு இருக்கிற?"

நாற்காலி கட்டிய இடத்தில் அப்படியே இருந்தது. அவள் நெற்றிக் குங்குமம்கூடக் கலையவில்லை. கார் தரையில் உட்கார்ந்தபடியே கைகூப்பி அழுதேன்.

சித்திரையில் கட்டுப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்றார் டாக்டர். அடுத்த அமாவாசைக்குக் காலையிலேயே மேல்மலையனூர் போனோம். அமுதா தலை நிமிர்ந்து என் முன்னால் நடந்தாள். புடவையைத் துவைத்திருந்தோம். ஆனாலும் முறுக்கின சுருக்கமும் இரும்புத் துருக்கறையும் போகவில்லை. வேறு புதிது வாங்கியிருக்கலாமோ என்று கூச்சப்பட்டேன். வேண்டிக்கொண்டபடி அமுதா தன் கையாலேயே அதை நீட்டினாள். "இன்னாம்மா இது, கசங்கிக் கெடக்குது?" என்று பூசாரி கேட்டார்.

"இதுலதான் என்னக் கட்னாங்க" என்றாள் அமுதா.

நாங்கள் நடந்ததைச் சொன்னோம். பூசாரி புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே போய்ச் சாத்தினார். தீபம் காட்டும்போது அந்தத் துருக்கறை தாயின் தோளில் தெரிந்தது. என் பிள்ளைக்கு விழவேண்டிய அடியை அவள் வாங்கிக்கொண்ட தழும்பு போலவே எனக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து "என் கட்டு அவிழாது" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கைக்குழந்தையோடு வாடகைக் காரில் போகிறவர்களைக் கரீம் பாய் என் கடைக்கு அனுப்புவார். அகலமான துணிப்பட்டை ஒன்றும் கொஞ்சம் குங்குமமும் கொடுத்து, பிடிமானம் எங்கே இருக்கவேண்டும் என்று காட்டி அனுப்புகிறேன். பாய் வருஷா வருஷம் வண்டியைக் கழுவிப் பெயின்ட் அடிக்கிறார். அந்தச் சட்டத்தை மட்டும் தொடுவதில்லை. "அது இருக்கட்டும் அண்ணே" என்பார்.

பிள்ளையைப் பெற்றவர்களே, உங்கள் கையின் பலத்தை நம்பி உட்காராதீர்கள். வழி தெரியாத இடத்தில் வெட்கப்படாமல் நின்று அவளைக் கூப்பிடுங்கள். அவள் காட்டுவாள். காட்டின இடத்தில் கட்டிவிட்டு, பயமில்லாமல் புறப்படுங்கள்.