முன் சீட்டில் கிடக்கும் துண்டு

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அண்ணனின் ஒரே மகன், என் மருமகன், பெங்களூரிலிருந்து போனில் கேட்டான். "அத்த, அப்பாவைப் பத்தி நல்லபடியா எழுதுங்க. உங்க சண்டையெல்லாம் அதுல வேண்டாம்" என்றும் சேர்த்துச் சொன்னான். நல்லபடியாகத்தான் எழுதுகிறேன். ஆனால் என் பொறாமையை ஒதுக்கிவைத்துவிட்டு அண்ணனைப் பற்றி எழுதினால், அது வேறு யாருடைய அண்ணனையோ பற்றி எழுதியதாகிவிடும். அண்ணன் மனைவி, என் மதினி, இதை வாசிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். முதலில் வாசிக்க வேண்டியவரே அவர்தான்.

அண்ணன் பிறந்தது சங்கரன்கோவிலில், ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில். அப்பா விசைத்தறிக் கூடத்தில் துண்டு நெய்யும் வேலை பார்த்தார். அம்மா சீக்கிரமே போய்விட்டார். அப்போது நான் சின்னப் பிள்ளை. அப்பா தறிக்குப் போன பிறகு எனக்குச் சோறாக்கிப் போட்டதும் தலை பின்னிவிட்டதும் அண்ணன்தான். பின்னல் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் யாராவது கேலி செய்தால் மறுநாள் அவர்களுக்கு அண்ணன் பதில் சொல்லிவிடுவார். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, ராஜபாளையம் சாலையில் இருந்த பஸ் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

நான் திருநெல்வேலிக்குக் கல்லூரிக்குப் போனேன். அந்தக் காலத்தில் காலை பஸ்ஸில் இடம் கிடைப்பது எவ்வளவு பாடு என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் எனக்கு முன்பே பஸ் நிலையத்துக்கு வந்துவிடுவார். பஸ் உள்ளே திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் தோளில் கிடக்கும் துண்டை முன் சீட்டில் போட்டுவிடுவார். நெசவுப் பிசகு விழுந்து விற்காத துண்டுகள் எங்கள் வீட்டில் நிறைய உண்டு. நான் மெதுவாக நடந்துவந்து, அந்தத் துண்டை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு மகாராணி மாதிரி ஜன்னலோரம் உட்காருவேன். படிப்பு முடியும்வரை நான் ஒரு நாளும் நின்றுகொண்டு போனதில்லை. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

அண்ணனுக்குப் புளியங்குடியில் பெண் எடுத்தோம். எலுமிச்சை வியாபாரக் குடும்பம். மறுவீட்டுக்குப் போய்விட்டு நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பினோம். அண்ணன் வழக்கம்போல ஓடிப்போய்த் துண்டு போட்டார். நானும் வழக்கம்போல ஏறி அந்த சீட்டுக்குப் போனேன்.

"ஏட்டி, மதினி உக்காரட்டும்" என்றார் அண்ணன்.

சங்கரன்கோவில் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதினி ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பிடித்த பொறாமை. அதற்குப் பிறகு எனக்கும் கல்யாணமாகி, தாலுகா அலுவலகத்தில் வேலை கிடைத்து, பிள்ளைகள் பெற்று, ஓய்வும் பெற்றுவிட்டேன். பொறாமைக்கு மட்டும் ஓய்வு வயது வரவில்லை.

அண்ணன் பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டார். நாணயமான தொழில்காரர் என்று பெயர் எடுத்தார். மகன் படித்து வேலைக்குப் போனதும், இனி வீட்டில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தோம். அப்போதுதான் திருவேங்கடத்துக்கு ஓடிக்கொண்டிருந்த தனியார் பஸ் ஒன்றை அதன் முதலாளி உடைக்கப் போடப்போகிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். பழைய இரும்பு விலைக்குக் கேட்டு வாங்கி, பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார். "இதை என்ன செய்யப் போறிய அண்ணே?" என்று கேட்டேன்.

"வீடாக்கப் போறேன். நானும் மதினியும் ஊர் ஊராப் போகப்போறோம்."

நானும் மதினியும் என்றுதான் சொன்னார். என் பெயர் அதில் இல்லை.

அந்த பஸ்ஸை வீடாக்க அண்ணன் பட்ட பாடு கொஞ்சமல்ல. தரைத் தகடு முழுதும் துருப்பிடித்து, கால் வைத்தால் ரோடு தெரிந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு போட்டார். மேல் கூரையில் மழைநீர் கசிந்த ஒட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி அடைத்தார். பின் படிக்கட்டு இருந்த இடத்தில் சிறிய கழிவறை, கூரையில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் அடுப்பு, பின்னால் மெத்தையோடு இரண்டு கட்டில். பயணிகள் பஸ் என்ற பதிவைச் சொந்த வண்டியாக மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். இருந்த சீட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு, முன்னால் டிரைவருக்கு இடப்பக்கம், இன்ஜின் மூடியை ஒட்டி ஒரே ஒரு சீட்டை மட்டும் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் படிக்கட்டு வந்துவிடுவதால் இரண்டாவது சீட்டுக்கு இடமில்லை. அந்த ஒரு சீட் மதினிக்கு.

பழைய வண்டி என்பது ஒரு முறை சரி செய்துவிட்டு மறந்துவிடக்கூடியது அல்ல. இந்த மாதம் ஸ்பிரிங் பட்டை உடையும், அடுத்த மாதம் ரேடியேட்டர் ஒழுகும். என் வீட்டுக்கு வந்தால் ஒரு காப்பி குடிக்கும் நேரம் உட்காருகிற மனிதர், அந்த வண்டிக்கு அடியில் பகல் முழுக்கப் படுத்துக் கிடப்பார். "எனக்கும் நாலு சக்கரம் மாட்டிக்கிட்டா அடிக்கடி வந்து பாப்பியளோ?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

அவர்கள் போகாத ஊர் இல்லை. ராமேசுவரம், கொடைக்கானல் அடிவாரம், கோகர்ணம். வண்டியின் நெற்றியில் 'சங்கரன்கோவில் – திருவேங்கடம்' என்ற பழைய பலகையை அண்ணன் எடுக்கவேயில்லை. அதைப் பார்த்துவிட்டு வழியில் ஆட்கள் கை காட்டுவார்கள். அண்ணனும் நிறுத்தி ஏற்றிக்கொள்வார். புளியங்குடி சந்தைக்கு எலுமிச்சை மூட்டையோடு நின்றவர்கள்கூட அந்த வண்டியில் போயிருக்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டரம்மா, தானும் ஒரு பழைய பஸ் வாங்கி வீடாக்க வேண்டும் என்று யோசனை கேட்டு வந்தார். "மேல அடிச்ச பெயின்ட்டைப் பாக்காதீங்கம்மா, அடியில படுத்துப் பாருங்க" என்று சொல்லி, பழைய பஸ்களை ஏலம் விடும் யார்டு வரைக்கும் அண்ணனே கூடப் போய் வண்டி பார்த்துக் கொடுத்தார். அந்த அம்மா வாய்க்கு வாய் "அண்ணா, அண்ணா" என்றார். எனக்குக் காது எரிந்தது.

நீ ஏன் போகவில்லை என்று உறவினர்கள் கேட்பீர்கள். அண்ணன் கூப்பிடாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார்.

"திருச்செந்தூர் போறோம், வாரியா?"

"நான் எங்கன உக்காரணும்?"

"பின்னால மெத்தை போட்டிருக்கு. சுகமா படுத்துக்கிட்டு வாயேன்."

"படுத்துக்கிட்டு வர நான் என்ன நோயாளியா?"

எனக்கு முன் சீட் வேண்டும். அதை வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை. ஒருமுறை சிரித்துக்கொண்டே, "எடம் வேணும்னா துண்டு போடு பிள்ள. ஒனக்கு நான் சொல்லியா குடுக்கணும்?" என்றார். மதினி உட்கார்ந்திருக்கிற சீட்டில் துண்டு போட நான் என்ன பைத்தியமா? நான் போகவேயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்ஜின் மூடியின் சூடு மதினியின் காலில் படுகிறது என்று அண்ணன் வருடா வருடம் எதையாவது செய்துகொண்டேயிருப்பார். சாக்கு விரித்துப் பார்த்தார். தேங்காய் நார் மெத்தை தைத்து மூடினார். மூடியின் ஓரத்து ரப்பரை மாற்றினார். "சூடு தாங்கலன்னா பின்னால போய்ப் படுக்கலாம்லா? போகவும் மாட்டா, சுடுதுன்னு சொல்லவும் மாட்டா" என்று என்னிடமே வந்து குறைப்படுவார். மதினியின் காலுக்கு மெத்தை தைக்கிற கதையைக் கேட்க எனக்கு என்ன தலையெழுத்து? "அவங்களுக்கென்ன, மகாராணி" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன்.

அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்துவிட்டு வீடு திரும்பினார். படுக்கையில் இருந்தபோதும் வண்டிப் பேச்சுதான். "நிறுத்தியே போட்டுராதிய. ஓடாத வண்டி கெட்டுப்போகும்" என்று எங்கள் இருவரிடமும் சொன்னார். ஒரு காலையில், மதினி கொடுத்த கஞ்சியைப் பாதி குடித்த நிலையில் அமைதியாகப் போய்விட்டார். கடைசிக் கஞ்சியும் மதினி கையால்தான். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

வண்டி நின்றது. பேட்டரி செத்துப்போனது, எலி ஒயரைக் கடித்தது. ஒருவர் வந்து உடைக்கக் கேட்டார். மருமகனும் சரி என்றான், மதினியும் "குடுத்துருவோம்" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "நான் அதுல ஒரு தடவகூட ஏறல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அழுகையும் வந்துவிட்டது. மதினி உடனே, பட்டறையில் அண்ணனோடு வேலை பார்த்த கணேசனைக் கூப்பிட்டு, "வண்டியை ரெடி பண்ணுங்க. ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போறோம்" என்றார்.

அன்று காலை வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. நான் வாசலில் துண்டோடு நின்றேன். இந்த வயதில் ஓட முடியாது. ஆனாலும் நாலு எட்டு வேகமாக வைத்து, ஜன்னல் வழியாக முன் சீட்டில் துண்டைப் போட்டேன். மதினியோடு ஒரு வாக்குவாதத்துக்குத் தயாராகத்தான் ஏறினேன். சீட் காலியாக இருந்தது. மதினி பின்னால் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

உட்கார்ந்தேன். அந்த சீட்டிலிருந்து ரோடு நன்றாகத் தெரியும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கொஞ்சம் தலையைத் திருப்பினால் டிரைவர் முகம் பக்கத்திலேயே தெரிகிறது. இப்போது அங்கே கணேசன். இத்தனை ஊருக்கும் போகவர மதினி பார்த்துக்கொண்டு வந்தது அண்ணன் முகத்தை. எனக்குப் பொறாமை இன்னொரு மடங்கு ஏறியது.

கழுகுமலை தாண்டுவதற்குள் வலது கால் சுட ஆரம்பித்தது. நார் மெத்தை, ரப்பர் எல்லாம் இருந்தும் சுட்டது. காலை ஒடுக்கிப் பார்த்தேன், சேலையை மடித்து வைத்துப் பார்த்தேன். போதாததற்கு, பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் கேட்காத சத்தம். கோவில்பட்டியில் டீக்கு நிறுத்தியபோது மதினி முன்னால் வந்தார்.

"கால் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

மதினி சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கி வலது காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே தோல் கருத்துப் பட்டையாக இருந்தது.

"எனக்கு வண்டியில முன்னால உக்காந்தா தல சுத்தும். பின்னால படுத்தாத்தான் ஒத்துக்கிடும்" என்றார்.

"பின்ன எதுக்கு மதினி இத்தனை வருஷமும் இங்கன உக்காந்திருந்திய?"

"எந்திரிச்சா நீ வந்து உக்காந்துருவல்லா?"

"கல்யாணமாகி வந்ததுல இருந்து ஒன் பேச்சுதான்" என்று மதினி தொடர்ந்தார். "தங்கச்சிக்குத் தல பின்னிவிட்டேன், தங்கச்சிக்கு எடம் போட்டேன்னு. ஒனக்குத் தல பின்னின கை எனக்கு ஒரு நாளும் பின்னல. இந்த ஒரு சீட்டையாவது வச்சிருப்போம்னு இருந்தேன்."

முதலில் கோபம்தான் வந்தது. தனக்கு ஒத்துக்கொள்ளாத சீட்டில் உட்கார்ந்து, என்னையும் வரவிடாமல் செய்துவிட்டாரே என்று. பிறகு, சொல்ல வெட்கமில்லை, சந்தோஷம் வந்தது. என்னைப் பார்த்து ஒருவர் கால் கருகும் அளவுக்குப் பொறாமைப்பட்டிருக்கிறார். நடுவில் பாவம், அந்த மனிதர் வருடா வருடம் நார் மெத்தை தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"பின்னால வந்து படு, பாதி தூரங்கூட ஆகல" என்றார் மதினி. நான் ராமேசுவரம் வரை எழுந்திருக்கவில்லை. கடலில் குளித்து, தர்ப்பணம் முடித்து, கோவிலுக்குப் போய்விட்டு வண்டிக்குத் திரும்பினேன். முன் சீட்டில் மதினியின் ஈரத்துண்டு கிடந்தது.

அண்ணன் நோயுற்றிருந்தபோது உடனிருந்து பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் பட்டறை நண்பர்களுக்கும், வண்டியை மறுபடி ஓடவைத்த கணேசனுக்கும், புளியங்குடி சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. கோயம்புத்தூரிலிருந்து தன் பஸ்ஸிலேயே வந்து மூன்று நாள் எங்களோடு இருந்த டாக்டரம்மாவுக்கும் நன்றி. அண்ணா என்று சொல்லித்தான் அவரும் அழுதார். மதினிக்கு நான் நன்றி சொல்வதாக இல்லை. அவரும் அதை எதிர்பார்க்கமாட்டார்.

வண்டியை விற்கவில்லை என்பதை அனைவருக்கும் தெரிவித்துக்கொள்கிறோம். ஆண்டுத் திவசம் முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு வண்டி திருவேங்கடம் வரை போய்வரும். பலகையில் அந்த ஊர்தானே இருக்கிறது. விருப்பமுள்ள உறவினர்களும் நண்பர்களும் ஏறிக்கொள்ளலாம், பின்னால் கட்டிலும் பாயும் உண்டு. முன் சீட்டை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். அதில் ஏற்கெனவே இரண்டு துண்டு கிடக்கிறது.