பைப்பில் கொண்டுபோன தண்ணீர்

நாலைந்து வருடங்களுக்கு முன்னர், வைகாசி மாதக் கடைசியில் நடந்தது இது. குச்சவெளியைத் தாண்டிப் புல்மோட்டைப் பக்கம் போகும் மணல் பாதையில், கச்சான் காற்று முகத்தில் அனலாய் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல்.

நான் திருகோணமலை நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கக் கதிரையிலேயே இருந்து சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, எட்டிப் பார்க்கத் தொடங்கியதும், பழைய மவுண்டன் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். என்னைப் பார்த்து என் கூட்டாளியும் ஒன்று வாங்கினான். அவன் கிண்ணியாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன். ஞாயிறு வந்தால் இருவரும் எங்காவது கிளம்பிவிடுவோம். தார் வீதியில் ஓடுவது எங்களுக்குப் பிடிக்காது. காட்டுப் பாதை, குளக்கட்டு, கடற்கரை மணல் என்றுதான் போவோம். அங்கேதான் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. சைக்கிளில் ஒரேயொரு போத்தல் வைக்கத்தான் இடம் இருந்தது. எங்கள் ஊர் வெயிலுக்கு அது எந்த மூலைக்கு?

முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையைக் கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் என் கூட்டாளிக்கு எதையும் தன் கையால் செய்தால்தான் திருப்தி. முதலில் பழைய சைக்கிள் ரியூபை வார் வாராக வெட்டி, முன்சில்லைத் தாங்கும் கவையில் இரண்டு பக்கமும் சோடாப் போத்தல்களை இறுக்கிக் கட்டினோம். உண்மையில் அது நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் மதகொன்றில் ஏறி இறங்கும்போது ஒரு போத்தல் கழன்று உருண்டோடியது. பின்னால் வந்த ஓட்டோக்காரர் அதை எடுத்துத் தந்து, எங்களை மேலும் கீழும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். கூட்டாளிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. அடுத்த கிழமை ஒரு புது ரியூபுக்குள் தண்ணீரை நிரப்பி, மாலை போலத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அதில் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். டயரை நக்கியது போலிருந்தது.

கடைசியாகத்தான் பைப் யோசனை வந்தது. மூன்றங்குல பிவிசி பைப்பைத் துண்டு துண்டாக வெட்டி, அடியில் மூடியை வைத்து ஒட்டி, மேலே திருகு மூடி போட்டான். ஒன்றில் இரண்டு லீற்றர் பிடிக்கும். ஆளுக்கு இரண்டு. பின்பக்கக் கரியருக்கு இரு பக்கமும் அதே ரியூப் வாரால் கட்டினோம். சனிக்கிழமை கடை பூட்டிய பிறகு ஒட்டி முடித்து, ஞாயிறு விடிய நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

“தாங்கிக்குப் பூட்டுற பைப்பைத் தூக்கிக்கொண்டு எங்க போறீங்கள், ஆருக்கும் தண்ணி லைன் எடுத்துக் குடுக்கவோ?”

குச்சவெளிக்குப் போகுமுன்னே போத்தல் தண்ணீர் முடிந்துவிட்டது. வழியில் இளநீர் குவித்து வைத்திருந்தார்கள். நிற்போம் என்றேன். அவன் மிதித்துக்கொண்டே போனான். “எட்டு லீற்றர் இருக்கு மச்சான். இளநி குடிக்க நிண்டா எங்கட பைப்புக்கு அவமானம்!”

பிறகு தார் வீதியை விட்டு மணல் பாதையில் இறங்கினோம். இரண்டு பக்கமும் பற்றைக்காடு. ஒரு வீடு கிடையாது. மணலில் சில்லுப் புதைந்து, பாதித் தூரம் உருட்டிக்கொண்டுதான் நடந்தோம். நன்றாகத் தாகம் எடுத்த பிறகு, பெருமையாகப் பைப்பின் மூடியைத் திறந்தான். குப்பென்று வந்தது ஒரு நெடி, புதிதாகப் பெயின்ட் அடித்த அறைக்குள் தலையை விட்டது போல. ஒரு வாய் எடுத்ததுமே நான் துப்பிவிட்டேன். நாக்கு எரிந்தது. நாலு பைப்பும் அப்படியே. பைப் ஒட்டும் கம் காயுமுன்னே தண்ணீரை ஊற்றியிருக்கிறோம். வெயில் மிச்ச வேலையைப் பார்த்துவிட்டது. கடைக்கு வரும் ஒவ்வொருவருக்கும், “ஒட்டின பிறகு ஒரு நாள் விடுங்க, தண்ணிய ஓட விட்டுக் கழுவிப்போட்டுக் குடிங்க” என்று பாடம் எடுப்பவன் இவன்தான்!

சிரித்தோம். திரும்பி உருட்டத் தொடங்கினோம். கொஞ்ச நேரத்தில் அவன் கதை நின்றுவிட்டது. வாய் ஓயாத மனிதன் பேசாமல் வந்தால் பார்க்கத்தானே வேண்டும். பார்த்தேன். முகம் செம்பாகிக் கிடந்தது, வியர்வை ஒரு சொட்டும் இல்லை. “கடையத் திறக்கோணும், சாவி எங்க?” என்று என்னிடம் கேட்டான். அடுத்த நிமிடம் சைக்கிளோடு சரிந்து விழுந்தான்.

போனில் சிக்னல் இல்லை. அவனை ஒரு பாலை மரத்து நிழலுக்கு இழுத்துப் போட்டு, சேர்ட்டைக் கழற்றி, குடிக்க உதவாத அந்தத் தண்ணீரையே தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினேன். மூன்று பைப் முடிந்தது. கண்ணைத் திறந்தான், ஆனால் எழும்ப ஏலாது. “தண்ணி” என்று மட்டும் சொன்னான். அவனுக்கு ஏதும் ஆகிவிட்டால் அவன் பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்து அழுதுவிட்டேன்.

அப்போதுதான் “அரோகரா” என்ற சத்தம் கேட்டது. கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரைக்காரர்கள். முன்னால் ஒருவர் முருகனின் வேலைத் தூக்கிக்கொண்டு வர, ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். வெறுங்காலோடு நடப்பவர்கள். தார் சுடுகிறது என்று அன்று மணல் பாதையால் வந்திருந்தார்கள். அவர்களிடமும் தண்ணீர் அடிமட்டம். பலருடைய போத்தல்கள் வெறும் போத்தல்களாகத் தொங்கின. காவி கட்டிய, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மட்டும் தோளில் சின்னத் தண்ணீர்க் கான் ஒன்று வைத்திருந்தார். வந்து மண்ணில் குந்தி, கூட்டாளியின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்தார்.

“வாயைத் திறவுங்கோ சாமி. மடமடவெண்டு குடியாதேங்கோ, முதல்ல நாக்கை நனையுங்கோ.”

யாத்திரை போகிறவர்கள் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்ணியா முஸ்லிம் ஒருவன் அன்று சாமியானான். மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். மற்றவர்கள் என் கடைசிப் பைப்பைக் கேட்டு வாங்கி, தங்கள் துண்டுகளை அதில் நனைத்து அவன் கழுத்திலும் கக்கத்திலும் வைத்தார்கள்.

அவனை அவர்களிடம் விட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓட வேண்டும். எதில் கொண்டு வருவது? பைப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே ரியூப் வாரால் அவர்களுடைய வெறும் போத்தல்களைச் சைக்கிளில் இடமிருந்த இடமெல்லாம் கட்டினேன். வழியெல்லாம் அவை கடகடவென்று அடித்தன, ஒன்றுகூட விழவில்லை. தார் வீதிக்கு ஏறி, முதலில் கண்ட வீட்டில் நிரப்பினேன். அந்த வீட்டுக்காரரே போன் அடித்து ஓட்டோ ஒன்றையும் கூப்பிட்டுத் தந்தார்.

திரும்பி வரும்போது, அவர்கள் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். மதியத்துக்குத் தங்கும் கோயிலை அவர்கள் எப்போதோ அடைந்திருக்க வேண்டும். ஒருவரும் போகவில்லை. கூட்டாளி மரத்தில் சாய்ந்து இருந்து கதைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கதையைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதல் போத்தலை அந்த அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கி அண்ணாந்து குடித்த குடியைப் பார்த்த பிறகுதான், பக்கத்தில் கிடந்த கானைப் பார்த்தேன். அடி காய்ந்து கிடந்தது.

“நீங்கள் குடிக்கேல்லையோ அம்மா?”

“நீங்கள் வருவீங்கள்தானே” என்றார்.

அந்த ஓட்டோவிலேயே கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, மறுநாளே கூட்டாளியை வீட்டுக்கு விட்டார்கள். நான் இப்போதும் அவனைச் சாமி என்றுதான் கூப்பிடுவேன். அவனும் “ஓம், சொல்லுங்க” என்பான். பைப் கம் வாங்க வருபவர்களுக்கு அவன் எடுக்கும் பாடம் இப்போது இரண்டு மடங்கு நீளம்.

ஒவ்வொரு வருடமும் யாத்திரை போகும் அந்தக் கிழமையில், நாங்கள் இருவரும் சோடாப் போத்தல்களை ரியூப் வாரால் கட்டிக்கொண்டு அதே மணல் பாதைக்குப் போகிறோம். குடிக்கக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறோம். அந்த அம்மாவை மறுபடி காணக் கிடைக்கவில்லை. மேலதிகத் தண்ணீரை எப்படிக் கொண்டுபோவது என்றுதான் நாங்கள் அத்தனை காலமும் மண்டையை உடைத்தோம். அன்று அவரிடம் மேலதிகமாக ஒரு மிடறும் இருக்கவில்லை என்பது, ஒவ்வொரு போத்தலை இறுக்கிக் கட்டும்போதும் எனக்கு நினைவுக்கு வருகிறது.